பறவைகளுக்குத் தண்ணீரும் தானியமும் வைப்பவரா நீங்கள்? கழுவாத கிண்ணம் நோயைப் பரப்பும்!

கோடை தொடங்கியதும் கிராமங்களில் பல வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறார்கள். ஒரு பிடி நொய்யோ கம்போ தூவுகிறார்கள். சிட்டுக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி, மணிப்புறா, கொண்டைக்குருவி, அணில் எனப் பல உயிர்கள் வந்து பசியும் தாகமும் ஆறிச் செல்கின்றன. இந்தப் பறவைகளில் பல நம் பயிருக்கும் வேலை செய்பவை. மைனாவும் தவிட்டுக்குருவியும் புழுக்களைப் பொறுக்குகின்றன. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது.

ஆனால், தண்ணீர் வைக்கும் பலர் அந்தச் சட்டியைத் தேய்த்துக் கழுவுவதில்லை. தண்ணீர் குறைந்தால் மேலேயே ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். மீந்த தானியத்தின் மீதே புதிய தானியத்தைக் கொட்டுகிறார்கள். பல பறவைகள் ஒரே கிண்ணத்தில் வாய் வைக்கின்றன, அதிலேயே எச்சமிடுகின்றன. நோயுள்ள ஒரு பறவை வந்தாலும் அடுத்து வரும் பறவைகளுக்கு அந்த நோய் போய்ச் சேரும். உங்கள் வீட்டுக் கோழிகளும் அதே கிண்ணத்தில் குடித்தால் நோய் கொட்டகைக்குள் நுழையவும் வழி உண்டு. கிண்ணம் வைப்பதைப் போலவே அதைக் கழுவுவதும் நம் பொறுப்பு. கழுவ நேரமில்லை என்றால் வைக்காமல் இருப்பதே பறவைக்குச் செய்யும் நன்மை.

எப்படி வைப்பது, எங்கே வைப்பது, எப்போது கழுவுவது, நோய் கண்டால் என்ன செய்வது என்பதை விரிவாகப் பார்ப்போம்.

வெளிநாடுகளில் நடந்தது என்ன?

பறவைகளுக்கு உணவு வைக்கும் பழக்கம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மிக அதிகம். கழுவாத கிண்ணம் என்ன செய்யும் என்பதற்கு அங்கே நடந்தவையே சான்று.

பிரிட்டனில் பச்சை நிறத்தில் ஒரு சிறு குருவி உண்டு. வீட்டுத் தோட்டங்களில் கூட்டமாக வந்து விதை தின்னும். 2005ஆம் ஆண்டு வாக்கில் டிரைக்கோமோனஸ் என்ற ஒற்றைச் செல் கிருமி அந்தக் குருவிகளுக்குப் பரவியது. இது புறாக்களிடம் வெகுகாலமாக இருந்துவரும் கிருமி. தொண்டையில் மஞ்சளாகக் கட்டிபோல் படிந்து, இரையை விழுங்க முடியாமல் செய்யும். நோயுற்ற பறவை கக்கிய எச்சில் பட்ட தானியத்தையும் தண்ணீரையும் மற்ற பறவைகள் எடுத்தபோது அவற்றுக்கும் நோய் தொற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் குருவிகள் பெருமளவில் அழிந்தன. 2021இல் அந்த இனத்தை மிகுந்த கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். தட்டையான தட்டுகளில் நோய் எளிதாகப் பரவும் என்ற கவலையால், அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. 2025 தொடக்கத்தில் அத்தகைய தட்டுகளின் விற்பனையை நிறுத்திவைத்தது.

அமெரிக்காவில் நடந்தது கோழி வளர்ப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பண்ணைக் கோழிகளுக்கு வரும் சி.ஆர்.டி. என்ற மூச்சுக்குழல் நோயைப் பலரும் அறிந்திருப்பீர்கள். அதை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி, 1994ஆம் ஆண்டு வாக்கில் வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள காட்டுக் குருவிகளிடம் காணப்பட்டது. கண் வீங்கி, பொருக்குத் தட்டி, பார்வை மறைந்த குருவிகள் இரை எடுக்க முடியாமல் செத்தன. சில ஆண்டுகளில் அந்த நோய் அந்நாட்டின் கிழக்குப் பகுதி முழுவதும் பரவியது. பல குருவிகள் ஒரே துவாரத்தில் தலையை நுழைத்துத் தின்ற தீனிக் கலங்களும் அந்தப் பரவலுக்குத் துணை செய்தன. கோழிக்கும் காட்டுப் பறவைக்கும் இடையே நோய்க்கு வேலி இல்லை என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

கிண்ணத்தின் வழியே வரும் ஆபத்துகள்

1. ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல்: நாட்டுக்கோழி வளர்ப்போர் மிகவும் அஞ்சும் நோய் இது. புறாக்களும் இந்த வகைக் கிருமியைச் சுமக்கக்கூடும். எச்சம், மூக்குநீர், அவை பட்ட தீனி, தண்ணீர் வழியே பரவும். பறவைக்கு வைத்த தண்ணீரைக் கோழியும் குடித்தால் ஆபத்துதான்.

2. அம்மை: கண்ணைச் சுற்றியும் அலகின் ஓரத்திலும் காலிலும் கொப்புளமோ மருவோபோல் வரும். கொசு மூலமும், நோயுற்ற பறவை உரசிய இடத்தின் மூலமும் பரவும்.

3. தொண்டை அடைப்பு நோய்: மேலே சொன்ன டிரைக்கோமோனஸ் கிருமி புறா இனங்களில் அதிகம். ஈரத்தில்தான் வாழும், நன்றாகக் காய்ந்த இடத்தில் விரைவில் செத்துவிடும். எனவே கழுவுவதோடு காயவைப்பதும் முக்கியம்.

4. சால்மோனெல்லா: எச்சம் கலந்த தீனி வழியே பரவும் கழிச்சல் நோய். கை கழுவாமல் சாப்பிட்டால் மனிதர்களுக்கும் வரும். குழந்தைகள் கிண்ணத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

5. பூஞ்சை: நனைந்த நிலக்கடலை, மக்காச்சோளம், பிண்ணாக்கு ஆகியவற்றில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் 1 லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, அவற்றுக்குக் கொடுத்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்ததில்தான் இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பிண்ணாக்கும், பூஞ்சை கட்டிய சோளமும் பறவைக்கும் ஆகாது.

6. கொசு: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். நம் ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவினால் மட்டுமே போகும்.

7. எலியும் பாம்பும்: இரவில் சிதறிக்கிடக்கும் தானியம் எலியையும் பெருச்சாளியையும் வீட்டுக்கு அழைக்கும். எலி வந்த இடத்துக்குப் பாம்பு வரும். எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் வரலாம்.

எந்தப் பாத்திரம் நல்லது?

தண்ணீருக்கு அகலமான, ஆழமில்லாத மண்தட்டு அல்லது சிமென்ட் தட்டு நல்லது. ஓரத்தில் ஓர் அங்குலம், நடுவில் அதிகபட்சம் இரண்டு அங்குல ஆழம் போதும். அதற்கு மேல் ஆழமிருந்தால் சிறு குருவிகளும் குஞ்சுகளும் மூழ்கிவிடக்கூடும். ஆழமான சட்டிதான் இருக்கிறது என்றால், நீர்மட்டத்துக்கு மேல் தலை தெரியும்படி இரண்டு மூன்று கற்களைப் போட்டுவையுங்கள். தேனீக்களும் அந்தக் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும். கழுவும்போது கற்களையும் சேர்த்துக் கழுவ வேண்டும்.

அலுமினியம், எவர்சில்வர் பாத்திரங்கள் வெயிலில் சுட்டுவிடும். நிழலில் மட்டும் வைக்கலாம். மருந்து டப்பா, உர வாளி, பெயின்ட் டப்பா, எண்ணெய் கேன் ஆகியவற்றை வெட்டி ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் நஞ்சு தங்கியிருக்கும்.

தானியத்துக்குக் கொட்டாங்குச்சி மிகவும் ஏற்றது. அடியில் நான்கைந்து சிறு துளைகள் போட்டால் மழைநீர் வடிந்துவிடும். மூன்று கயிறு கட்டித் தொங்கவிடலாம். விரிசல் விட்டாலோ உள்ளே கறுத்தாலோ தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கட்டலாம், செலவில்லை. கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு அல்லது சணல் போதும். நைலான் நூலும் மீன்வலை நரம்பும் குருவியின் காலில் சுற்றி அறுத்துவிடும்.

பிளாஸ்டிக் பாட்டிலில் துளைபோட்டு, கரண்டி செருகித் தானியக் கலம் செய்யச் சொல்லும் வீடியோக்கள் பல வருகின்றன. அவற்றில் இரண்டு குறைகள் உண்டு. வெட்டிய ஓரம் அலகையும் காலையும் கிழிக்கும். உள்ளே ஈரம் புகுந்தால் அடித்தானியம் வெளியே தெரியாமல் பூஞ்சை பிடிக்கும். கை நுழைத்துத் தேய்க்க முடியாத எந்தக் கலமும் வேண்டாம்.

நம் முன்னோர் வீட்டு முகப்பில் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். குருவி கதிரைப் பற்றிக்கொண்டு நெல்லைக் கொத்தும். எச்சம் கீழே விழுந்துவிடும், தீனியோடு அதிகம் கலக்காது. கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. கம்பு, தினைக் கதிரையும் இப்படிக் கட்டலாம். கதிர் தீர்ந்ததும், அல்லது மழையில் நனைந்ததும் கழற்றிவிட வேண்டும்.

எங்கே வைப்பது?

• கோழிக் கொட்டகை, கோழி மேயும் இடம் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். தொங்கவிட்ட தீனிக்குக் கீழே சிந்தும் தானியத்தைக் கோழி பொறுக்க விடக்கூடாது.

• திறந்த கிணறு, குடிநீர்த் தொட்டி, மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் போர், தீவன மூட்டை ஆகியவற்றுக்கு மேலே தொங்கவிட வேண்டாம்.

• தண்ணீர்த் தட்டை மரக்கிளைக்கும் மின்கம்பிக்கும் நேர் கீழே வைத்தால் மேலே உட்காரும் பறவைகளின் எச்சம் அதிலேயே விழும். சற்றுத் தள்ளி, மரத்தின் நிழல் விழும் இடத்தில் வையுங்கள்.

• பூனை பதுங்கும் புதர், விறகு அடுக்கு ஆகியவற்றிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, நாற்புறமும் தெரியும் இடமாகப் பாருங்கள். பறவை பறந்துபோய் உட்கார அருகில் ஒரு மரமும் இருக்க வேண்டும். தரையில் வைப்பதைவிட இடுப்பளவு மேடையோ கல்தூணோ நல்லது.

• ஒரே இடத்தில் பெரிய தட்டு வைப்பதைவிட, இரண்டு மூன்று சிறு தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். நெரிசல் குறைந்தால் நோயும் குறையும்.

• ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வைத்தால் கீழே உள்ள மண்ணில் எச்சமும் உமியும் சேரும். மாதம் ஒருமுறை சில அடிகள் தள்ளி இடம் மாற்றுங்கள். பழைய இடத்தில் வெயில் நன்றாக விழட்டும்.

என்ன தீனி, எவ்வளவு?

கம்பு, தினை, சாமை, உடைத்த சோளம், நொய், நெல் ஆகியவை நம் ஊர்ப் பறவைகளுக்கு ஏற்றவை. பழுத்த கொய்யா, பப்பாளி, வாழைப்பழத் துண்டுகள் கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும் பிடிக்கும். பழத்தை அன்று மாலைக்குள் அப்புறப்படுத்துங்கள். புளித்த பழத்தில் ஈயும் எறும்பும் மொய்க்கும்.

மிக்சர், முறுக்கு, சிப்ஸ், பிஸ்கட், உப்பும் காரமும் சேர்ந்த சோறு, ஊறுகாய் பட்ட உணவு எதையும் வைக்காதீர்கள். அதிக உப்பைச் சிறு பறவையின் உடல் தாங்காது. பாலும் வேண்டாம்.

காலையில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே சரியான அளவு. மதியமும் மீந்திருந்தால் மறுநாள் குறைத்து வையுங்கள். மாலை இருட்டுவதற்குள் மீதியைக் கூட்டி எடுத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே எலி, பூஞ்சை, பாம்பு என்ற மூன்று தொல்லைகளும் பெருமளவு குறையும்.

விதைநேர்த்தி செய்த விதை: கவனம்!

விதைத்து மீந்த விதையைப் பறவைக்குப் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. கடையில் வாங்கும் மக்காச்சோளம், பருத்தி, காய்கறி விதைகள் சிவப்பு, நீலம், பச்சை நிறத்தில் இருந்தால், அவற்றில் பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ பூசப்பட்டுள்ளது என்று பொருள். சாயம் போகக் கழுவினாலும் நஞ்சு போகாது. மீந்த விதையைக் கோழிக்கும் போடக்கூடாது. விதைக்கும்போது வயலோரத்தில் சிந்திய விதையை மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். குருணை மருந்து சிந்தினால் உடனே மூடுங்கள். இரையை அரைக்கச் சிறு கற்களைப் பொறுக்கும் பறவைகள் குருணையையும் கல் என்று எடுத்துவிடும்.

மருந்து அடித்த அன்று, அந்தக் கைகளோடும் துணியோடும் பறவைக் கிண்ணத்தைத் தொட வேண்டாம். தெளிப்பான் கழுவிய தண்ணீர் குழியாகத் தேங்கினால் அதைப் பறவை குடிக்கும். அதையும் மண் போட்டு மூடுங்கள்.

மயில் தொல்லைக்காக நஞ்சு கலந்த தானியம் வைப்பது பெரும் குற்றம். மயில் நம் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அந்தத் தானியத்தை மயில் மட்டும் தின்னாது. குருவியும் புறாவும் உங்கள் கோழியும் தின்னும். செத்ததைத் தின்னும் நாயும் சாகும்.

கழுவும் முறை

தினமும்:
பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய்நாரால் உள்சுவரை ஒரு சுற்றுத் தேய்த்து, அலசி, புதிய தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு நிமிட வேலைதான். தானியக் கொட்டாங்குச்சியைத் தட்டிக் காலி செய்து, துடைத்து, உலர்ந்த பிறகு புதிய தானியம் போடுங்கள். ஈரக் கலத்தில் தானியம் போட வேண்டாம்.

வாரம் ஒருமுறை:
1. கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். உறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.
2. ஒட்டியிருக்கும் எச்சத்தையும் பாசியையும் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து நீக்கி, நன்றாக அலசுங்கள். அழுக்கு இருக்கும்போது கிருமிநாசினி வேலை செய்யாது.
3. கொதிக்கும் நீரை ஊற்றி ஊறவிடுங்கள். மண்சட்டிக்கும் கொட்டாங்குச்சிக்கும் இதுவே எளிய வழி.
4. அல்லது கடையில் கிடைக்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து 10 நிமிடம் ஊறவையுங்கள். ப்ளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் இறுத்துப் பயன்படுத்துங்கள்.
5. ப்ளீச் வாடை போகும்வரை மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.
6. வெயிலில் கவிழ்த்து முழுமையாகக் காயவையுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டு தட்டுகள் வைத்திருந்தால் வசதி. ஒன்று காயும்போது மற்றொன்றை வைக்கலாம்.

எச்சரிக்கை: பாசி போகப் புளியோ எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் தேய்ப்பவர்கள், அதை ப்ளீச்சோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். புளி போட்டுத் தேய்த்தால் நன்றாக அலசிய பிறகே ப்ளீச்சைப் பயன்படுத்துங்கள். காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்கள். ப்ளீச் கலந்த தண்ணீரைச் செடியிலோ மீன் குட்டையிலோ ஊற்றாதீர்கள். பினாயில் போட்டுக் கழுவ வேண்டாம், அதன் வாடையும் எச்சமும் மண்சட்டியில் ஊறிவிடும். பறவைக் கிண்ணம் கழுவும் நாரையும் வாளியையும் சமையல் பாத்திரத்துக்குப் பயன்படுத்தாமல் தனியாக வையுங்கள்.

கீழே சேர்ந்த எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்கினால் தூசி மூச்சில் ஏறும். குறிப்பாகப் புறா எச்சத்தில் கவனம் வேண்டும். தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு கூட்டுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கோடையும் மழையும்

பங்குனி முதல் வைகாசி வரை தானியத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம். வெயிலில் தண்ணீர் சூடாகிப் பாசி சீக்கிரம் பிடிக்கும். எனவே காலை, மதியம் என இரண்டு முறை மாற்றினால் நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வெளியே தண்ணீருக்குக் குறைவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடலாம். கொசுவும் குறையும். தானியம் வைத்தால் தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத இடத்தில், ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் வையுங்கள். நனைந்த தானியத்தைக் காயவைத்து மீண்டும் போடும் வேலை வேண்டாம். குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.

நோயுற்ற பறவையை எப்படி அறிவது?

• இறகைச் சிலிர்த்து உருண்டைபோல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.
• அருகில் சென்றாலும் பறக்காது.
• இரையை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் தவிக்கும். அலகைச் சுற்றி ஈரமாக இருக்கும்.
• கண் வீங்கி மூடியிருக்கும், அல்லது கண்ணோரத்தில் மரு இருக்கும்.
• கழுத்து திருகிக்கொள்ளும், தள்ளாடும்.
• பின்புறம் கழிச்சல் ஒட்டியிருக்கும்.

இப்படி ஒரு பறவையைக் கண்டாலும் உடனே தானியத்தையும் தண்ணீரையும் நிறுத்துங்கள். எல்லாக் கலங்களையும் மேலே சொன்னபடி கழுவிக் காயவைத்து, குறைந்தது இரண்டு வாரம் எடுத்து வைத்துவிடுங்கள். பறவைகள் பல இடங்களுக்குக் கலைந்து போனால் தொற்றும் குறையும். பிறகு வேறோர் இடத்தில், குறைந்த அளவில் தொடங்குங்கள். நோய்வாய்ப்பட்ட பறவைக்காக, கோழி மருந்தையோ மஞ்சளையோ பொதுத் தண்ணீரில் கலக்க வேண்டாம். எந்தப் பறவை எவ்வளவு குடிக்கும் என்று நம்மால் கட்டுப்படுத்த முடியாது.

செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். ஒன்றிரண்டு என்றால், பையைக் கையில் மாட்டி எடுத்து, கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். காகமோ கொக்கோ கோழியோ பல ஒரே சமயத்தில் செத்துக் கிடந்தால் புதைக்காமல், தொடாமல், உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணையும் அழைக்கலாம். இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் 2006இல் மகாராஷ்டிராவின் நவாபூரில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு பல மாநிலங்களில் அவ்வப்போது வருகிறது. உங்கள் பகுதியில் அதுபற்றி அறிவிப்பு வந்தால், கோழி வளர்ப்பவர்கள் அந்தக் காலம் முடியும்வரை காட்டுப் பறவைகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்கக்கூடாது.

கோழி வளர்ப்பவர்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியவை

கோழிக்குத் தீனியும் தண்ணீரும் கூரைக்கு உள்ளே வையுங்கள். முதலில் கோழி வேலை, பிறகு பறவைக் கிண்ண வேலை என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணம் கழுவிய கையோடும் செருப்போடும் கொட்டகைக்குள் போகாதீர்கள். ராணிக்கெட் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி என்பது பொதுவான முறை. தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. உங்கள் ஊர் முகாம் தேதியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சில சந்தேகங்கள்

பச்சரிசி வயிற்றில் உப்பிப் பறவை செத்துவிடும் என்கிறார்களே?
அது தவறான நம்பிக்கை. வயலில் நெல்லைத் தின்று வாழும் பறவைகளுக்கு அரிசி ஒன்றும் செய்யாது. வண்டு, பூஞ்சை இல்லாத அரிசியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூட்டையில் வண்டு மாத்திரை போட்டு வைத்த தானியத்தை மட்டும் வைக்க வேண்டாம்.

காகத்துக்குச் சோறு வைப்பதை நிறுத்த வேண்டுமா?
தேவையில்லை. உப்பில்லாத சோற்றை ஒரு கவளம் வாழையிலைத் துண்டில் வையுங்கள். அரை மணி நேரத்தில் காகம் தின்றுவிடும். மீந்ததை இலையோடு எடுத்துவிட்டால் கழுவும் வேலையும் இல்லை.

கொசு வராமல் தண்ணீரில் வேப்பெண்ணெயோ மண்ணெண்ணெயோ விடலாமா?
கூடாது. எண்ணெய் இறகில் ஒட்டினால் பறவையால் சரியாகப் பறக்க முடியாது, அந்தத் தண்ணீரும் குடிக்க உதவாது. தினமும் தேய்த்துத் தண்ணீர் மாற்றினால் கொசு வளரவே முடியாது.

வீட்டில் தானியம் வைத்தால் குருவிகள் பழகி வயலில் கதிரைக் கொத்தாதா?
கம்பு, சோளம், நெல் பால் பிடிக்கும் பருவத்தில் வயலுக்கு அருகில் தானியம் வைத்துப் பறவைக் கூட்டத்தைச் சேர்க்க வேண்டாம். அந்த வாரங்களில் தண்ணீர் மட்டும் வையுங்கள்.

நாம் வெளியூர் போனால் பறவைகள் பட்டினி கிடக்குமா?
கிடக்காது. காட்டுப் பறவைகள் நாள் முழுவதும் பல இடங்களில் இரை தேடுபவை. ஒரு வாரத்துக்குச் சேர்த்துத் தானியம் கொட்டிவிட்டுப் போவதுதான் தவறு. கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். அல்லது பக்கத்து வீட்டில் சொல்லி, தினமும் தண்ணீர் மாற்றச் சொல்லுங்கள்.

நினைவில் கொள்ள

• தினமும் தண்ணீரை மாற்றி, உள்சுவரைத் தேய்க்க வேண்டும்.
• வாரம் ஒருமுறை கொதிநீர் அல்லது ப்ளீச், பிறகு நல்ல வெயில்.
• இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவுக்கே தானியம். மாலைக்குள் கூட்டி எடுக்க வேண்டும்.
• கோழிக்குத் தனி இடம், தனிப் பாத்திரம்.
• நிறம் பூசிய விதையும் பூஞ்சைத் தீனியும் உப்புப் பண்டமும் வேண்டாம்.
• நோய்ப் பறவையைக் கண்டால் இரண்டு வாரம் நிறுத்தம்.

தண்ணீர்த் தட்டோடு, தோட்டத்தின் ஒரு மூலையில் மருந்தடிக்காத சிறு இடத்தையும் விட்டுவையுங்கள். கொஞ்சம் புல், ஒரு முருங்கை, ஒரு வேலிச்செடி இருந்தால் போதும். சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குத் தேடும் பூச்சி அங்கேதான் கிடைக்கும்.